வளையத்தை நம்பலாமா?

மூலிகை ஆய்வு பெருக வேண்டும் என்ற விருப்பத்தில் நிறுவப்பட்ட இந்தச் சொற்பொழிவில், அந்த ஆய்வில் ஒரு பகுதியை நிறுத்திவிடலாம் என்று பேசப்போகிறேன். பொறுத்தருள வேண்டும்.

அந்தப் பகுதியின் முறை இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் சாறெடுத்து, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை முதலிய நான்கைந்து பாக்டீரியாக்களைப் பரப்பிய அகார் தட்டில் குழி போட்டு ஊற்றுகிறோம். மறுநாள் குழியைச் சுற்றித் தெளிந்து நிற்கும் தடுப்பு வளையத்தை அளவுகோல் வைத்து மி.மீ. கணக்கில் எழுதிவிடுகிறோம். வளையம் வந்தால் முன்னோர் சொன்னது மெய்யாயிற்று என்று முடிவுரை. வராவிட்டால் அந்தச் செடி அட்டவணையில் ஒரு சிறு கோடாக முடிந்துபோகிறது. முதல் முடிவைக் குறைசொல்ல ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். என் வழக்கு இரண்டாவதையும் சேர்த்துத்தான்: வளையம் வருவது சான்றும் அல்ல, வராதது மறுப்பும் அல்ல. இது முதனிலைச் சோதனைதானே என்று இதைக் காத்துவரும் சக ஆய்வாளர்களோடு எனக்கு நெடுநாள் பிணக்கு. இன்று குறுக்கிடாமல் கேட்டாக வேண்டிய நிலையில் அவர்களில் சிலர் முன்வரிசையில் இருப்பதால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

குழியிலிருந்து பொருள் ஈர அகாருக்குள் பரவுகிறது. அதே நேரத்தில் பாக்டீரியா பெருகுகிறது. எந்த இடத்தில் பெருக்கம் பொருளை முந்திக்கொள்கிறதோ அங்கே வளையத்தின் விளிம்பு அமைகிறது. ஆகவே அந்த அகலத்தில் வீரியமும் பரவும் வேகமும் கலந்திருக்கின்றன. அளவுகோலால் அவற்றைப் பிரிக்க முடியாது. மருத்துவமனை ஆய்வகங்களுக்கு இது தெரியும். பாயர், கர்பி முதலியோர் 1966இல் வகுத்த வட்டு முறையில் பாக்டீரியாவின் அடர்த்தி, வட்டிலுள்ள மருந்தின் அளவு எல்லாம் கட்டுக்குள் இருக்கும்; ஒவ்வொரு மருந்துக்கும் அதன் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவோடு ஒத்துப்பார்த்த பிறகே வளையத்துக்குப் பொருள் சொல்வார்கள். அப்படியிருந்தும், பெரிய மூலக்கூறான கோலிஸ்டின் அகாரில் சரியாகப் பரவாததால், அதைத் திரவ ஊடகத்தில்தான் அளக்க வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பியத் தரநிர்ணயக் குழுக்கள் 2016இல் கூட்டாகப் பரிந்துரைத்தன. வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்துக்கே இந்த நிலை என்றால், எதில் எது எவ்வளவு என்று தெரியாத சாற்றின் வளையத்தை எப்படிப் படிப்பது? நம் கட்டுரைகளில் ஒப்பீட்டுக்கு வைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம். பக்கத்துக் குழியில் சாறு மில்லிகிராம் கணக்கில். பல நூறு மடங்கு வேறுபாட்டை மறைத்துவிட்டு இரண்டு வளையங்களையும் ஒரே பத்தியில் அடுக்கி, ஏறத்தாழச் சமம் என்று எழுதுகிறோம். சாறு ஒரு மில்லிலிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் போனால் அந்தச் சோதனையையே தவிர்க்க வேண்டும், 100 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால்தான் கவனிக்கத்தக்கது என்று ரியோஸ், ரெசியோ இருவரும் 2005இலேயே எழுதினார்கள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அதை மீறும் ஆய்வுகளுக்குக் குறைவில்லை.

இனி மரமஞ்சளுக்கு வருகிறேன். என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. தென்னிந்தியக் கடைச்சரக்கில் மரமஞ்சள் என்பது பெரும்பாலும் காட்டுக்கொடியான காசினியம்; வடக்கே அதே இடத்தில் இமயமலையின் பெர்பெரிஸ் புதர். குடும்பம் வேறானாலும் இரண்டின் மஞ்சள் நிறத்துக்கும் காரணம் பெர்பெரின் என்ற காரப்போலி. பெர்பெரின் நேர்மின்னேற்றம் கொண்டது. பாக்டீரியாவின் உட்புறமோ எதிர்மின்னழுத்தம் உடையது. எனவே அது தானாகவே உள்ளே போய்க் குவிய வேண்டும், டிஎன்ஏவோடு ஒட்டி வேலையைக் காட்ட வேண்டும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு எதிராகத் தனியாகச் சோதித்தால் அது சோப்ளாங்கியாகத்தான் தெரிகிறது. காரணம், நார்ஏ என்ற புரதம். அது செல்லின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வரும் பெர்பெரினை வெளியே இறைத்துத் தள்ளுகிறது. நார்ஃப்ளாக்சசின் மருந்தையும் அப்படியே தள்ளும். நார்ஏ இல்லாத திரிபு வகைக்கு மிகக் குறைந்த பெர்பெரினே போதுமானதாக இருக்கிறது. ஆக, மருந்து வலுவற்றது அன்று. உள்ளே தங்க விடாமல் துரத்தப்படுகிறது.

2000இல் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் கேட்ட கேள்வி இதிலிருந்து எழுந்தது: பெர்பெரினைத் தயாரிக்கும் செடி, அதைத் துரத்தும் நார்ஏ பம்பை முடக்கும் பொருளையும் தயாரிக்கிறதா? சாற்றைக் கூறுகூறாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கூறையும் தனியாகச் சோதிக்காமல், வளர்ச்சியைத் தடுக்கப் போதாத சிறிதளவு பெர்பெரினோடு சேர்த்துச் சோதித்தார்கள். முறையில் செய்த மாற்றம் இவ்வளவுதான். சிக்கியது 5'-மெத்தாக்சிஹைட்னோகார்பின். தனியாக விட்டால் அது பாக்டீரியாவை ஒன்றும் செய்வதில்லை. பெர்பெரினோடு சேர்ந்தால் நார்ஏ முடங்குகிறது, பெர்பெரின் செல்லுக்குள் குவிகிறது, வளர்ச்சி நிற்கிறது. இந்தப் பொருள் முன்பே பதிவானதுதான். பெருநோய்க்குப் பூசிய சால்மூக்ரா எண்ணெயின் சிறு கூறாக அது அறியப்பட்டிருந்தது. நம் நீரடிமுத்தும் அந்த எண்ணெய் விதைகளின் இனமே. நம் அகார் தட்டு இந்தப் பொருளை என்ன செய்திருக்கும் என்று முன்வரிசையைக் கேட்கிறேன். வளையமே வராது. 0 மி.மீ., செயலற்றது, அடுத்த கூறு. இந்தக் கதையின் மிக முக்கியமான மூலக்கூறைக் குப்பையில் போடுவதற்கென்றே அமைத்ததுபோல இருக்கிறது நம் சோதனை.

இதைக் கேட்டதும் மறுதரப்பு மகிழ்ந்து எழும் என்று தெரியும். முழு மூலிகையைப் பிரித்தால் வீரியம் போய்விடும், ஆகவே ஆய்வகமே வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கும் மரமஞ்சள் துணை நிற்காது. மருத்துவத்தில் எடுப்பது பெர்பெரின் நிறைந்த வேரும் பட்டையும் தண்டும். பம்பை முடக்கும் பொருள் கிடைத்ததோ பெர்பெரிஸ் இலையில். 2011இல் வட அமெரிக்காவின் கோல்டன்சீல் செடியில் பெர்பெரினுக்குத் துணைசெய்யும் ஃபிளேவனாய்டுகள் கண்டறியப்பட்டபோதும், அவை இருந்தது இலையில்தான், மருந்தாகப் புகழ்பெற்ற கிழங்கில் அல்ல. ஆகவே கூட்டுவிளைவைக் காட்டி மரபு முழுவதையும் மெய்ப்பித்துவிட முடியாது. செடி தன் பிழைப்புக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. மருத்துவர் அதைப் பயன்படுத்தினாரா என்பது செய்முறைவாரியாகப் பார்க்க வேண்டிய தனிக்கேள்வி. அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததும் பிரித்துப் பார்க்கும் வேதியியலும் மரபணுத் திரிபும்தானே.

செலவு என்றொரு மறுப்பு எப்போதும் வரும். சிறு கல்லூரிக்குப் பெட்ரி தட்டுதான் கட்டுபடியாகும் என்பார்கள். 96 குழி நுண்தட்டும் ரெசசூரின் சாயமும் எட்டாத விலை அல்ல. உயிருள்ள பாக்டீரியா அதன் நீலத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும், கண்ணாலேயே படித்துவிடலாம். சாறும் குறைவாகவே செலவாகும். எனக்குத் தெரிந்தவரை வளையம் நீடிப்பதற்குக் காரணம் விலை அல்ல, படம் அழகாக விழுவதுதான்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1987இல் வெளியான வங்கதேச ஆய்வில், நச்சு சுரக்கும் ஈ. கோலை வயிற்றுப்போக்குக்கு 400 மி.கி. பெர்பெரின் சல்ஃபேட் கொடுத்தபோது மலத்தின் அளவு குறைந்தது. இதைப் பாக்டீரியா எதிர்ப்பு என்று எழுதிவிட முடியாது. குடலில் நீர் சுரப்பதைப் பெர்பெரின் தடுப்பது விலங்குச் சோதனைகளில் முன்பே தெரிந்திருந்தது. வாய்வழி கொடுத்த பெர்பெரின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த நோய்க்கு எந்த வழியில் கொடுக்கிறார்கள் என்று கேட்காமல் தட்டில் ஊற்றுவது எவ்வளவு பொருத்தம் என்பது தெரியும். இதை விரிக்க நேரமில்லை.

செய்ய வேண்டியவை சில. குடிநீராகக் காய்ச்சுவதைக் குடிநீராகவே சோதிக்க வேண்டும், மெத்தனால் சாறு அதற்கு ஈடாகாது. செடியின் அடையாள மாதிரியை உலர்தாவரக் காப்பகத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் மரமஞ்சள் என்ற பெயரில் வந்தது எது என்று பிறகு யாரும் சரிபார்க்க முடியும். பம்பு இல்லாத திரிபு வகையையும் இயல்பான வகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது நல்லது. மனித செல்களுக்கு நஞ்சா என்பதும் உடனே பார்க்கப்பட வேண்டும். சர்ப்பகந்தியின் ரெசர்பின் நார்ஏவைத் தடுத்தும் அந்தப் பணிக்கு மருந்தாக முடியாமல் போனது அதற்குத் தேவைப்படும் அளவு நஞ்சாக இருப்பதால்தான். நீரடிமுத்துக் கூறுகளை இன்றைய மருந்துகளோடு சேர்த்துப் பார்ப்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது. செயலற்றவை என்று பழைய கட்டுரைகளில் கோடிட்டு விட்ட சாறுகளை, தடுக்காத அளவு நார்ஃப்ளாக்சசினோடு சேர்த்து மீண்டும் ஓட்டிப் பார்ப்பதை மட்டும் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்திலேயே தொடங்கிவிடலாம். அட்டவணைகள் நம் நூலகத்திலேயே இருக்கின்றன.