குருதியிலே தேடிய தூய்மை

ஸ்பானிய மொழியிலே தூய்மையைக் குறிக்கும் சொற்களுள் இரண்டு பெருவழக்கானவை. ஒன்று 'புரேசா', மற்றையது 'லிம்பியேசா'. மனத்தூய்மைக்கும் கன்னிமைக்கும் உரியது முதற்சொல். அமலோற்பவ மாதாவை அந்நாட்டார் 'பூரீசிமா', அதாவது மிகத் தூயவள், என்று வணங்குவதும் அதே அடியிற் பிறந்த வழக்காகும். இரண்டாவது, வீடு கூட்டுதல், பாத்திரம் விளக்குதல் போன்ற அன்றாடத் துப்புரவுக்கு வழங்கும் எளிய சொல். தீங்கு விளைத்தது இந்த எளிய சொல்லே.

1391 ஆம் ஆண்டிலே ஸ்பெயினின் பல நகரங்களில் யூதர் கொல்லப்பட்டனர். உயிருக்கு அஞ்சிப் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்தம் மக்களும் பேரரும் அரசிலும் திருச்சபையிலும் உயர்பதவி எய்தியபோது, பழங்கிறிஸ்தவர் பலருக்கு அது பொறுக்கவில்லை. யூத வழிவந்தோர் நகரப் பதவி வகிக்கலாகாது என்று 1449 இல் தொலேதோ நகரிலே விதி செய்தனர். பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் அவ்வாண்டிலேயே அதனைக் கண்டித்தார். ஞானஸ்நானத்தால் யாவரும் ஒன்றாயினர் என்பதன்றோ திருச்சபையின் போதனை? ஆயினும் விதி பரவிற்று. 1547 இல் தொலேதோப் பேராலயமே அதனை ஏற்றது. 'குருதித் துப்புரவு' என்னும் தொடர் சட்டச் சொல்லாயிற்று. பதவி வேண்டுவோரின் பாட்டன் பூட்டன் பிறந்த ஊர்களுக்கு ஆளனுப்பி, முதியோரிடம் சாட்சியம் வாங்கினர். இவ்விசாரணைக்கு உட்பட்ட குடும்பங்கள் பல. 1622 இல் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்ற அவிலா தெரேசம்மாளின் பாட்டனாரும் யூத வழிவந்தவரே. 1485 இல் தொலேதோவிலே விசாரணை மன்றத்தாரால் தண்டிக்கப்பட்டவர்.

அயல்நாடான போர்த்துக்கலிலும் இவ்வெண்ணம் வேரூன்றியது. அங்கே பிறந்த அன்றிக்கே அன்றிக்கஸ் என்பவர் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். யூத வழியினர் என்பதால் விலக நேர்ந்தது. இயேசு சபை அவரை ஏற்றது. அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வமிசம் பார்த்து ஆளைத் தள்ள இசையாதவர். 1546 இல் இந்தியா வந்த அன்றிக்கஸ், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்து, அவர்தம் மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578 இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் ஆக்கியதே. பதினாறே பக்கம் கொண்ட அச்சிறு நூல், தமிழெழுத்தில் அச்சானவற்றுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையது.

1600 இல் அவர் மறைந்தார். அதற்கு ஏழாண்டு முன்னரே, 1593 இல், அவரை ஏற்ற சபையும் யூத வழியினருக்குக் கதவடைத்துவிட்டது. ஸ்பானிய அரசு குருதிச் சான்று கேட்பதை 1865 இல் ஒழித்தது. இயேசு சபையின் தடை சிறிது சிறிதாகத் தளர்ந்து, முற்றாக நீங்கியது 1946 இலேதான்.