மேலதிகாரியின் கட்டளையும் நமது கையொப்பமும்





சில வாரங்களுக்கு முன்னர் நோயாளி ஒருவரை நலம் விசாரிப்பதற்காகக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். பார்வையாளர் நேரம் வரும்வரை வாயிலருகே காத்து நின்றபோது, அறிமுகமான ஒரு தகப்பனார் என்னை ஓரமாக அழைத்தார். "மௌலவி, என்ட மகனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றார். மகன் கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறார். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் வங்கியில் கடன் எடுத்து, மகளுக்குக் கொடுக்கவென்று ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். (அந்த வழக்கத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.) "மேல இருக்கிறவர் சரியில்ல, வேலைய விடப்போறன் எண்டு சொல்றார். எந்தக் கம்பனியிலதான் மேலதிகாரி சரி? பொறுத்துக்கொண்டு போகச் சொல்லுங்க" என்பது அவருடைய வேண்டுகோள்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அந்த வாலிபருடன் தொலைபேசியில் பேசினேன். அவருடைய முகாமையாளர் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவாராம். செய்து முடிக்க முடியாத திகதியை, வேலை செய்பவர்களிடம் கேளாமலே, வாடிக்கையாளருக்கு வாக்களித்துவிடுவாராம். பிறர் செய்ததைத் தன் பெயரில் சொல்லிக்கொள்வாராம். "அதெல்லாம் பழகிட்டு மௌலவி" என்றார். அப்படியானால் எது பழகவில்லை என்று கேட்டபோதுதான் விடயம் வெளியே வந்தது. மென்பொருளை ஒப்படைக்கும் முன்னர் அதை ஒவ்வொரு வகையிலும் பரிசோதித்து, ஒரு பட்டியலில் எழுதிக் கொடுக்க வேண்டும். நேரம் போதாததால், செய்யாத பரிசோதனைகளுக்கும் "பரிசோதிக்கப்பட்டது" என்று எழுதச் சொல்கிறார்கள். பட்டியலின் அடியில் இவருடைய பெயர். இரண்டு தடவை எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது தடவை உறக்கம் வரவில்லை.

அன்பர்களே! தகப்பனும் மகனும் ஒரே வாசகத்தைத்தான் சொன்னார்கள்: "மேலதிகாரி சரியில்லை." ஆயின் அதனுள்ளே இரண்டு வெவ்வேறு விடயங்கள் இருக்கின்றன. கடுகடுப்பான, திறமையற்ற, நன்றி கெட்ட ஒரு தலைவரைச் சகித்துக்கொள்வதா, விட்டு விலகுவதா என்பது உங்கள் தெரிவு. பொறுமைக்கு அங்கே இடமுண்டு, கூலியும் உண்டு. பொய்யை உங்கள் கையால் எழுதச் சொல்லும் தலைவர் விடயத்திலோ பொறுமை என்ற சொல்லையே நாம் பயன்படுத்தக் கூடாது. அதற்கு உடந்தை என்று பெயர்.

எமது பிரதேசத்தில் வயல் செய்வோருக்கு ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். வட்டை விதானை வாய்க்கால் தண்ணீரை முறைகேடாகத் திருப்பினால் மறுநாளே வயலில் தெரிந்துவிடும். மாலைக்குள் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். கணினிக்குள் எழுதப்படும் பொய் அப்படியன்று. அது ஆண்டுக்கணக்கில் பச்சைப் பசேலென்றே தோன்றும்.

இந்தியாவின் ஹைதராபாத் நகரில் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சத்யம் என்ற கணினி நிறுவனத்தை அறிந்திருப்பீர்கள். ஐம்பத்து மூவாயிரம் பேர் வேலை செய்வதாகச் சொல்லப்பட்ட நிறுவனம். சீரிய நிருவாகத்துக்கென்று ஒரு விருதுகூட 2008இல் அதற்குக் கிடைத்தது! அதன் தவிசாளர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7ஆம் திகதி பணிப்பாளர் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்குப் புத்தகத்தில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். சிறிய இடைவெளியாகத் தொடங்கியது, வருடா வருடம் வளர்ந்து, கட்டுக்கடங்காமற் போயிற்று என்பது அவருடைய வாக்குமூலம். சத்யம் என்றால் உண்மை என்று பொருள். பெயர் வைப்பது எவ்வளவு இலேசு!

தலைவரின் கதையை உலகம் பேசியது. நான் உங்கள் கவனத்தைத் திருப்ப விரும்புவது அவருக்குக் கீழே இருந்தவர்கள் பக்கம். ஐயாயிரம் கோடிப் பொய்யை ஒரு மனிதர் தனியே எழுத முடியாது. நடக்காத வியாபாரத்துக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி விலைப்பட்டியல்கள் கணினியில் தயாரிக்கப்பட்டதாக விசாரணையாளர்கள் கண்டார்கள். வங்கிகளின் நிலையான வைப்புப் பத்திரங்களும் போலியாக ஆக்கப்பட்டிருந்தன. யாரோ ஒருவர் கடவுச்சொல்லை அழுத்தினார், யாரோ ஒருவர் தாளை அச்சிட்டார். 2015 ஏப்ரல் 9ஆம் திகதி நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர்களுள் தவிசாளரும் அவருடைய சகோதரர்களும் இருந்தார்கள். நிதிப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை செய்த மூவரும், உள்ளகக் கணக்காய்வுக்குப் பொறுப்பாயிருந்த ஒருவரும் இருந்தார்கள். மறு மாதமே மேன்முறையீட்டில் தண்டனை இடைநிறுத்தப்பட்டு அவர்கள் பிணையில் வெளிவந்தார்கள் என்பதையும் நீதிக்காகச் சொல்ல வேண்டும். எனினும் "மேலிடத்துக் கட்டளை" என்ற சொல், கீழிருந்தவர்களை அந்தத் தீர்ப்பிலிருந்து காப்பாற்றவில்லை.

ஒன்றுமறியாதவர்கள் பாதிக்கப்படவில்லையா? பாதிக்கப்பட்டார்கள். 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா அந்நிறுவனத்தைப் பொறுப்பேற்றது. சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கான ஊழியர்கள், வேலை ஏதும் ஒப்படைக்கப்படாமல், அடிப்படைச் சம்பளத்துடன் மாத்திரம் வீட்டில் இருத்தப்பட்டார்கள். அவர்களுடைய நட்டம் பெரிது. ஆயினும் இழந்தது சம்பளத்தை, பெயரையன்று.

நபிகளார் (ஸல்) காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அலீ (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு படைப்பிரிவை அனுப்பி, அதன் தலைவருக்குக் கட்டுப்படுமாறு நபிகளார் ஏவியிருந்தார்கள. வழியில் அத்தலைவருக்குத் தம் ஆட்கள் மீது கோபம் வந்தது. விறகு சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். தீ மூட்டச் சொன்னார், மூட்டினார்கள். இனி அதனுள் இறங்குங்கள் என்றார். நெருப்புக்குத் தப்பத்தானே நாம் நபியிடம் வந்தோம் என்று ஒருவரையொருவர் பார்த்துத் தயங்கி நின்றார்கள். தீயும் அணைந்தது, தலைவரின் கோபமும் அணைந்தது. செய்தி எட்டியபோது, அவர்கள் இறங்கியிருந்தால் அதிலிருந்து ஒருபோதும் வெளியேறியிருக்கமாட்டார்கள் என்றும், கட்டுப்படுதல் நல்ல காரியத்தில் மாத்திரமே என்றும் நபிகளார் கூறினார்கள்.

அரபுக் கல்லூரியில் இதை ஓதிய காலத்தில் நான் கடைசிக் கட்டளையை மாத்திரமே கவனித்தேன். இப்போது விறகையும் கவனிக்கிறேன். முதலிரண்டு கட்டளைகளும் பார்வைக்குச் சாதாரணமானவை. விறகு சேர்ப்பதில் என்ன குற்றம்? கம்பனியிலும் அப்படித்தான். "இந்த ஒரு பட்டியலை மாத்திரம்", "இந்த மாதம் மாத்திரம்" என்றுதான் ஆரம்பம்.

அந்த வாலிபருக்கு நான் சொன்னது இதுதான். நாளைக் காலையே இராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர். "செய்யாத பரிசோதனைக்கு என்ன எழுத வேண்டும்?" என்று முகாமையாளரிடம் மரியாதையாக, ஆனால் எழுத்தில் கேளும். வாயால் தாராளமாகக் கட்டளையிடுவோர் பலர் எழுத்தில் கட்டளையிடத் தயங்குவார்கள். செய்ததைச் செய்ததாகவும் செய்யாததைச் செய்யாததாகவும் எழுதும். அதேவேளை வேறு வேலை தேடும்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இவ்விடயத்தை அந்த மகன் வாப்பாவிடம் ஏன் சொல்லவில்லை? கேட்டேன். "வீட்டு வேலை நிண்டுடும் மௌலவி, உம்மா அழுவா" என்றார். பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டுக் கணக்கு வைக்கிறோம். அந்தச் சம்பளத்துக்கு அவர் எதை எழுதிக் கொடுக்கிறார் என்று ஒரு நாளாவது கேட்டோமா? ஒரே சம்பளத்தின் மேல் முழுக் கடனையும் ஏற்றி வைத்தால், பிள்ளை மறுப்புச் சொல்லும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி, ஏற்கனவே எழுதிக் கொடுத்த இரண்டு பட்டியல்களையும் என்ன செய்வது என்பது. தவ்பா நாவோடு முடிவதில்லை. விடுபட்ட பரிசோதனைகளை இப்போதாவது செய்து, காண்பதை அறிவியும் என்றேன். விடுமுறை நாளில் அலுவலகத்துக்குப் போய்ச் செய்திருக்கிறார். முதலாவதில் பிழையில்லை. இரண்டாவதில் ஒரு பிழை இருந்தது. அதை முகாமையாளருக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு, வாப்பாவிடமும் சொல்லியிருக்கிறார். முகாமையாளரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வாப்பா மேசனைக் கூப்பிட்டு, கூரை வேலையைக் கொஞ்ச காலம் பிற்போடச் சொன்னாராம்.