விசிலும் வாழைப்பழமும்



நாய்க்கு உட்காரக் கற்றுக்கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். "உட்கார், உட்கார்" என்று நாலு தடவை சொல்வார்கள். ஒருவழியாக அது உட்கார்ந்ததும், பிஸ்கட் எடுக்கச் சட்டைப்பையில் கையை விடுவார்கள். கை வெளியே வருவதற்குள் நாய் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நிற்கிற நாயின் வாயில்தான் பிஸ்கட் போகும். நாயின் கணக்குப்படி அது எழுந்து நின்றதற்குக் கிடைத்த கூலி. மறுநாள் அது உட்கார மறுத்தால் பழி நாயின் மேல் விழும்.

பாராட்டியும் பரிசு கொடுத்தும் பழக்குகிற கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பாடநூல்கள் இதை நேர்மறை வலுவூட்டல் என்கின்றன. ஒரு செயலைச் செய்தவுடன் பிடித்தமானது ஒன்று கிடைத்தால், அந்த உயிர் அதை மறுபடி செய்யும். விதி இவ்வளவுதான். பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் ஆரோகண அவரோகணம் தெரிந்தவரெல்லாம் பாடகர் ஆகிவிடுவதில்லையே.

1943ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவு ஆலையின் மேல்மாடியில் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரும் சகாக்களும் புறாக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். குண்டை இலக்குக்கு வழிநடத்தப் புறாவைப் பழக்குவது அவர்கள் வேலை. (படைத்துறை கடைசியில் அந்தத் திட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை; புறாக்களின் நல்லகாலம்.) ஒரு நாள் விளையாட்டாக, ஒரு புறாவுக்கு மரப்பந்தை அலகால் அடித்து உருட்டக் கற்றுத்தரலாம் என்று தொடங்கினார்கள். அடித்தால் தானியம் என்று காத்திருந்தார்கள். புறா அடிக்கவே இல்லை. காத்திருந்து அலுத்துப்போய், பந்தைப் பார்த்தாலே தானியம் என்று மாற்றினார்கள். அடுத்து, அலகு பந்தின் பக்கம் போனால். அதற்கடுத்து, அலகு பந்தில் பட்டால். சில நிமிடங்களில் அந்தப் புறா பந்தைப் பெட்டிச் சுவர்களில் மோதி மோதி அடித்துக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்திலேயே ஆண்டுகளைக் கழித்த ஸ்கின்னரை அந்தக் காட்சி அசத்திவிட்டது. முழுச்செயலுக்காகக் காத்திருக்காமல், அதன் திசையில் வருகிற சின்ன அசைவையும் பிடித்துக்கொள்ள வேண்டும். படிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். இந்தக் கலையின் முதல் பாடம் அதுதான்.

இரண்டாவது பாடத்தைக் கற்றுத்தந்தவை டால்பின்கள். 1960களில் ஹவாயில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்றில் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் கேரன் பிரையர். டால்பினுக்குக் கடிவாளம் போட முடியாது, கயிறு கட்ட முடியாது. அடிக்க நினைத்தால் நீந்திப் போய்விடும். கையில் இருப்பது ஒரு வாளி மீன் மட்டும். அந்த மீனையும் அது துள்ளுகிற நொடியில் அந்தரத்தில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. அதனால் விசில். முதலில் விசில் சத்தம் கேட்டால் மீன் வரும் என்று பழக்கிவிடுவார்கள். பிறகு துள்ளலின் உச்சியில் விசில் ஊதினால், "இதோ, இதற்குத்தான்" என்று டால்பினுக்குப் புரிந்துவிடும். மீன் சாவகாசமாக வரலாம். நாய்ப் பயிற்சியில் விசிலின் இடத்தை 'க்ளிக்' என்று ஒலிக்கும் சிறிய தகட்டுப் பெட்டி எடுத்துக்கொண்டது. சட்டைப்பைக்கும் வாய்க்கும் இடையே தொலைந்துபோகிற அந்த இரண்டு விநாடியை மீட்டுத் தருவது இந்த ஒலிதான்.

பிரையரின் டால்பின்களில் ஒன்றின் பெயர் மாலியா. பார்வையாளர்களுக்குப் பயிற்சியின் தொடக்கத்தைக் காட்டுவதற்காக, ஒவ்வொரு காட்சியிலும் அது புதிதாக எதையாவது செய்தால் மட்டுமே மீன் என்று வைத்தார்கள். சில நாட்களில் டால்பின் வழக்கமாகச் செய்கிற எல்லாம் தீர்ந்துபோயின. அதன்பிறகு மாலியா யாரும் பார்த்திராத வித்தைகளைத் தானாகவே காட்டத் தொடங்கியது. ஹோ என்ற இன்னொரு டால்பினிடம் இதையே முறையாகச் செய்து பார்த்து, 1969இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பரிசுக்காகப் பழகிய உயிர் சொன்னதை மட்டும்தான் செய்யும் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கட்டுரை நல்ல பதில்.

இந்தக் கலையின் உச்சம் எது என்று கேட்டால் நான் டால்பினைச் சொல்லமாட்டேன், எலியைச் சொல்வேன். தான்சானியாவின் மொரோகோரோ நகரில் இயங்கும் அபோபோ நிறுவனம், ஆப்பிரிக்கப் பெரிய பை எலிகளை வெடிமருந்தின் வாசனையை மோந்து கண்டுபிடிக்கப் பழக்குகிறது. 'க்ளிக்' கேட்டால் வாழைப்பழம். மண்ணுக்குள்ளிருந்து வெடிமருந்து வாசனை வந்தால் எலி மேலே சுரண்டிக் காட்டும். கண்ணிவெடியை வெடிக்கவைக்கும் எடை அதற்குக் கிடையாது. பழைய இரும்புத்துண்டுகளை அது சட்டை செய்யாது. அதனால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரைமணி நேரத்தில் முடித்துவிடும். உலோகம் காட்டும் கருவியோடு ஓர் ஆள் தேடினால் நாலு நாள்கூட ஆகலாம். கம்போடியாவில் வேலை பார்த்த மகாவா என்ற எலி, கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளுமாக நூற்றுக்கு மேல் கண்டுபிடித்தது. 2020இல் பிரிட்டனின் விலங்குநல அமைப்பு ஒன்று அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் எலி மகாவாதான்.

அதே நிறுவனத்தில் காசநோய் கண்டுபிடிக்கும் எலிகளும் உண்டு. மருத்துவமனைகளிலிருந்து வருகிற சளி மாதிரிகளை அவை மோந்து பார்க்கும். இங்கே ஒரு சிக்கல். எலி ஒரு மாதிரியின் மேல் நின்று "இதில் நோய் இருக்கிறது" என்று காட்டுகிறது; ஆனால் அது சரியா என்று அந்த நேரத்தில் பயிற்றுநருக்கே தெரியாது. ஊகத்தில் பழம் கொடுத்தால் எலியும் ஊகிக்கக் கற்றுக்கொள்ளும். கொடுக்காமலே இருந்தால் வேலையை விட்டுவிடும். அதனால் நோய் உறுதியான மாதிரிகள் சிலவற்றை இடையிடையே கலந்துவைத்து, அவற்றில் நின்றால் மட்டும் பழம் கொடுக்கிறார்கள். தனக்கு உறுதியாகத் தெரியாததைப் பாராட்டாமல் இருக்கிற இந்த ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் பள்ளிகளில் எல்லா நோட்டுகளிலும் விழுகிற 'வெரிகுட்' முத்திரையில் அது கிடையாது.

யானையும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. யானைக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, தும்பிக்கைக்குள் உப்புநீர் விட்டு, தும்பிக்கையைத் தூக்கிப் பிடிக்கவைத்து, பிறகு ஊதி வெளியே விடச் சொல்ல வேண்டும். நேபாளத்தில் இளம் யானைகள் நாலுக்கு அங்குசம் இல்லாமல், விசிலையும் வாழைப்பழத்தையும் வைத்தே இதைக் கற்றுக்கொடுத்தார்கள். 25 முதல் 35 அமர்வுகளில் அவை கற்றுக்கொண்டதாக 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அடிக்காமல் யானை அடங்காது என்று நம் ஊரிலும் சொல்வார்கள். அவர்கள் அந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

இனி, இந்தக் கலை தோற்கிற இடம். ஸ்கின்னரின் மாணவர்களாக இருந்த கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதி இதையே தொழிலாக்கிக்கொண்டு ஏராளமான விலங்குகளைப் பழக்கினார்கள். பன்றிக்கு மரநாணயத்தைக் கவ்விவந்து உண்டியலில் போடக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் பிரமாதமாகச் செய்தது. சில வாரங்கள் போனதும் நாணயத்தை வழியிலேயே கீழே போட்டு, மூக்கால் கிளறி, மேலே எறிந்து, மறுபடி கிளறத் தொடங்கியது. ரக்கூன் என்ற விலங்கோ இரண்டு நாணயங்களைக் கையில் வைத்துக்கொண்டு, கஞ்சனைப் போலத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பெட்டியில் போட மனம் வரவில்லை. பசி இருந்தும், போட்டால் தீனி என்று தெரிந்தும் இப்படி. பிறவிச் சுபாவம் பரிசை மீறிவிடுகிறது என்று 1961இல் அவர்களே எழுதினார்கள். தொழில் செய்பவர் தன் தொழிலின் எல்லையை இப்படி வெளிப்படையாக எழுதுவது அபூர்வம்.

மனிதர் விஷயம் இன்னும் சிக்கல். கடை வாசலில் குழந்தை மிட்டாய் கேட்டு அழுகிறது. அம்மா மூன்று தடவை மறுத்து, நாலாவது தடவை வாங்கிக்கொடுத்துவிடுகிறார். நாலு தடவை அழ வேண்டும் என்பதைக் குழந்தை அன்றைக்குக் கற்றுக்கொண்டது. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டேதான் இருக்கிறோம்.

தெரிந்தே செய்தால்? நியூயார்க்கில் எலும்பு அறுவை மருத்துவர் மார்ட்டின் லெவி, தன் நாயைப் பழக்கிய முறையிலேயே மாணவர்களுக்கு அறுவை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். முடிச்சைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தார். படி சரியாக வந்தால் ஒரு 'க்ளிக்'. புகழ்ச்சியும் இல்லை, திட்டும் இல்லை. செய்து காட்டுவதைப் பார்த்துக் கற்ற மாணவர்களைவிட இவர்களுடைய கை துல்லியமாக இருந்தது என்று 2016இல் எழுதினார். மூத்த மருத்துவர் முன்னால் கைநடுங்கும் மாணவனுக்கு அந்த 'க்ளிக்' எவ்வளவு பெரிய நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலைப் பள்ளியில், ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையவைத்தார்கள், கொடுத்தும் விட்டார்கள். ஓரிரு வாரம் போய்ப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரைகிற நேரம் மற்றவர்களோடு ஒப்பிட ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. முன்கூட்டிச் சொல்லாமல் பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு அந்தக் குறை இல்லை.

ஆகவே என் மதிப்பீடு இது. விலங்குகளிடம் இது மிகச் சிறந்த கலை. கோலுக்கும் அங்குசத்துக்கும் இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது. மனிதரிடம், கைத்திறன் கற்றுத்தர அருமையான துணை. ஒருவர் ஆசையாகச் செய்கிறதற்கு விலைபேசும் கருவியாக்கினால், கேடு.

இன்று சாயங்காலம் வீட்டில் ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். ஒருவர் வெளியே போகட்டும். உள்ளே இருப்பவர்கள் அவர் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானியுங்கள். ஜன்னலைத் திறப்பது, நாற்காலியைத் திருப்புவது, அந்த மாதிரி ஏதாவது. அவர் உள்ளே வந்ததும் யாரும் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. சரியான திசையில் அசையும்போது மட்டும் ஒரு கைதட்டல். அவர் திகைத்து நின்றுவிட்டால் அவரைக் குறை சொல்லாதீர்கள். கைதட்டுபவர் படியைப் பெரிதாக வைத்துவிட்டார் என்று அர்த்தம். பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பாதீர்கள். முதல் ஆட்டத்தில் வெளியே போகிறவர் நீங்களாகவே இருங்கள்.