கரையிறங்கிய செல்வம்

(செண்பகனூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாலைக் குளிர் கூட்டத்தைக் கலைத்துவிடும் என்றனர் சிலர். நீங்கள் கலையவில்லை, கம்பளிக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு காத்திருக்கிறீர்கள். அந்தக் கைகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கடல் கடந்த தமிழரின் செல்வம் தாயகத்தை வளர்க்க வேண்டும் என்கிறோம். வேண்டும், மறுப்பார் இல்லை. 2024-ஆம் ஆண்டில் வெளிநாடு வாழ் இந்தியர் தாயகத்துக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அவ்வாறு வரும் பணத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சற்று மேல் தமிழகத்துக்கு வருகிறது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2023-24-ஆம் ஆண்டு ஆய்வு. அந்தப் பணம் அடுப்பெரிக்கிறது, கடனடைக்கிறது, கூரையைக் காரை வீடாக்குகிறது. நல்லதுதான். ஆனால், வீட்டுக்கு வந்த பணமெல்லாம் நாட்டுக்கு வந்த பணம் ஆகிவிடுமா?

ஆக்கிக் காட்டியவர்கள் உண்டு. சீனத்தில் பிறந்து, சிங்கப்பூரில் ரப்பர் வணிகத்தால் பொருள் குவித்தவர் தான் கா கீ. 1921-இல் தாயகத்து அமோய் நகரில் பல்கலைக்கழகம் கண்டார். வணிகம் நொடித்தபோதும் அதைத் தாங்கி நின்றார். இங்கே நம் அழகப்பர்! மலேயா ரப்பரில் பொருளீட்டிய அவர், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. பணம் பெட்டியில் உறங்கவில்லை, அறிவாக மாறியது. அவரைப் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும்.

ஆனால் தோழர்களே, பணத்தோடு வந்தவர் மட்டுந்தானா கடல் கடந்து வந்த தமிழர்?

இலங்கை மலையகத்தில் காடு திருத்தித் தேயிலை வளர்த்தவன் தமிழன். 1948-இல் அவன் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டனர். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை! தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தார்கள். பெட்டியில் பொன் இல்லை. கையில் தொழில் இருந்தது. கொழுந்தின் பருவம் அறிந்த கை! கவாத்து வெட்டத் தெரிந்த கை! சரிவில் மண் சரியாமல் கல் அடுக்கிய கை!

அந்தக் கையைச் செல்வம் என்று கண்டதா நாடு? ஓரிடத்தில் கண்டது. 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கி, தாயகம் திரும்பியோர்க்கு வேலை தந்தார்கள். அறிந்த தொழிலைத் தந்ததால் மலை பசுமையாயிற்று. ஆனால், தோட்டமன்றி வேறறியாத பலருக்கு வணிகக் கடன் கொடுத்து, கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றார்கள். கடன் கரைந்தது, கடை மூடியது. மலை தேடி வந்தவர்களுள் ஒரு பகுதியினர் இந்தக் கொடைக்கானல் மலைக்கும் வந்தனர். காட்டில் மரம் வெட்டினர், பட்டை உரித்தனர். முன்பணத்துக்குக் கொத்தடிமை ஆனவர்களும் உண்டு.

கணினி வல்லுநர் அமெரிக்காவிலிருந்து திரும்பினால் அது திறன். கொழுந்து பறித்தவள் கண்டியிலிருந்து திரும்பினால் அது சுமையா? இது என்ன கணக்கு?

அயலகத் தமிழர் நலனும் மறுவாழ்வும் இன்று ஒரே ஆணையரகத்தின் பொறுப்பு. சனவரி 12 அயலகத் தமிழர் நாள் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுத் தமிழர் தம் ஊருக்கு உதவ ‘எனது கிராமம்’ என்னும் திட்டமும் வகுக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் 2022-இல், அரசுத் தேயிலைக் கழகத்தின் 2,152 எக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க ஆணை பிறந்தது. காடு வளரட்டும், அந்நிலத்தில் உழைத்தவர் எங்கே வாழ்வார் என்ற கேள்விக்கும் விடை வளர வேண்டாமா?

ஆகவே மூன்று சொல்கிறேன். அயல்நாட்டிலிருந்து ஊருக்கு வரும் நன்கொடை தனியார் மடியில் விழாமல் பொதுக் கணக்கில் சேரட்டும்; கிராமசபையில் அதன் வரவும் செலவும் வாசிக்கப்படட்டும். அதன் முதற்பங்கு, பெயர் பொறிக்கும் வளைவுக்கன்று, பள்ளிக்கும் தொழிற்பயிற்சிக்கும் போகட்டும். தோட்டத் தொழில் அறிந்தோர் கூட்டுறவாக இணைந்து பயிரிட நிலமும் கடனும் கிடைக்கட்டும்.

தொண்டர்களே, மேடை கலைந்ததும் உங்கள் வேலை தொடங்குகிறது. இந்த மலையில் வீடு வீடாகச் செல்லுங்கள். சாதிச் சான்றிதழ் இன்றிப் படிப்பு தடைப்பட்ட பிள்ளை யார், மனைப்பட்டா இல்லாத குடும்பம் எது என்று பட்டியல் எடுங்கள். அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, விடை வரும்வரை கேளுங்கள்.

கடல் கடந்து பணம் அனுப்புவோரை வாழ்த்துவோம். கடல் கடந்து வந்து நம் அருகிலேயே அமர்ந்திருப்போரை, அதற்கு முன்னால், அறிந்துகொள்வோம்.