பொய்யின் விலை பத்து லட்சம்

சந்தையில் எடையைக் குறைத்து விற்கும் சிறு வணிகரைப் பிடிக்க எடையளவு ஆய்வாளர் இருக்கிறார். பாலில் நீர் கலப்பவரைப் பிடிக்க உணவுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கோடிக்கணக்கானோர் பார்க்கும் திரையில், நீரிழிவு நோய் அடியோடு அகன்றுவிடும் என்று ஒரு பெருநிறுவனம் பொய்யுரைத்தால், அதைத் தடுக்க வேண்டியவர் யார்? சட்டப் புத்தகங்களில் இதற்கு விடைகள் பல உள்ளன. நடைமுறையிலோ, பொய் தன் வேலையை முடித்து, இலாபத்தை ஈட்டிக் கொடுத்த பிறகே விசாரணை தொடங்குகிறது. இந்நிலை வெறும் நிர்வாகச் சோம்பலால் நேர்ந்ததன்று. முதலாளித்துவச் சந்தையின் நலனுக்கேற்ப வளர்த்தெடுக்கப்பட்டது.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1954ஆம் ஆண்டிலேயே மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் இயற்றப்பட்டது. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், உடற்பருமன், வலிப்பு என 54 நோய்களையும் உடல்நிலைகளையும் அதன் அட்டவணை பட்டியலிடுகிறது. இவற்றைக் குணப்படுத்தும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரையிலும், மறுமுறைக்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. சட்டத்திற்கு எழுபது வயது கடந்துவிட்டது. அதை மீறும் விளம்பரங்களோ அன்றாடம் புதிதாகப் பிறக்கின்றன.

1985இல் விளம்பரத் துறையினர் தாங்களே ஒரு காவலரை நியமித்துக்கொண்டனர். அதுவே இந்திய விளம்பரத் தரக் குழுமம், சுருக்கமாக ஆஸ்கி. விளம்பரதாரர்கள், விளம்பர முகமைகள், ஊடக நிறுவனங்கள் ஆகியோரே அதன் உறுப்பினர்கள். துறைக்கு வெளியிலிருந்து வருவோரும் அதன் குறைகேட்புக் குழுவில் அமர்கிறார்கள். பல புகார்களை நேர்மையாகவே ஆராய்கிறார்கள். ஆயினும் அக்குழுமம் அபராதம் விதிக்க முடியாது, எவரையும் தண்டிக்க முடியாது. விளம்பரத்தைத் திருத்துமாறு, அல்லது விலக்கிக்கொள்ளுமாறு சொல்லலாம். சில வாரங்களே ஓடுவதற்கென எடுக்கப்பட்ட விளம்பரம், அந்தச் சொல் வந்து சேர்வதற்குள் ஓடி முடிந்துவிடும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இக்குறையைத் தீர்க்கும் என்று கூறப்பட்டது. 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. தவறான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்து மீறினால் 50 லட்சம் வரை அபராதம். ஐபிஎல் கிரிக்கெட் ஒளிபரப்பில் ஒரு பத்து விநாடி விளம்பரத்துக்கே பத்து லட்சத்துக்கு மேல் செலவிடும் நிறுவனங்களுக்கு இத்தொகை தண்டனையாகுமா? விளம்பரச் செலவுக் கணக்கில் இன்னுமொரு வரி, அவ்வளவே.

அதே சட்டத்தில் ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் பிரிவும் உண்டு. ஆனால் அப்பிரிவின்கீழ் ஏமாற்றப்பட்டவர் நேரே நீதிமன்றம் செல்ல இயலாது. ஆணையமே புகார் தாக்கல் செய்ய வேண்டும். கதவு இருக்கிறது, சாவி வேறொருவர் கையில்.

குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையங்கள் சிலவற்றின் மீது ஆணையம் அபராதம் விதித்தது உண்மை. நேர்முகத் தேர்வு வழிகாட்டலுக்கு மட்டும் வந்த வெற்றியாளர்களின் படங்களை, முழுப் பயிற்சியும் தங்களிடமே பெற்றவர்கள் போல அவை அச்சிட்டிருந்தன. அப்படங்களை நம்பி நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் கட்டணம் செலுத்திய குடும்பத்துக்கு அந்த அபராதத்தால் ஒரு காசும் திரும்புவதில்லை. இழப்பீடு வேண்டுமெனில் அக்குடும்பம் தனியே நுகர்வோர் ஆணையத்தின் படியேற வேண்டும்.

தோழர்களே! ஒன்றிய அரசின் உள்ளத்தை அறிய 170ஆம் விதியின் கதை ஒன்றே போதும். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 2018 டிசம்பரில் சேர்க்கப்பட்டது இவ்விதி. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு விளம்பரம் செய்யுமுன் மாநில உரிம அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும் என்றது. பொய் வெளிவந்த பின் துரத்தாமல், வாசலிலேயே நிறுத்தும் விதி இது. 2023 ஆகஸ்டில், இதன்கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியையே நீக்கி அறிவிக்கை வெளியிட்டது.

அந்த நேரத்தில் உச்சநீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது என்ன? இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், பதஞ்சலி நிறுவனம் தான் அளித்த உறுதிமொழியை மீறியதற்காக நீதிமன்ற அவமதிப்பு விசாரணையை எதிர்கொண்டிருந்தது. அதன் நிறுவனர்கள் மன்னிப்புக் கோரினர். நாளிதழ்களிலும் மன்னிப்பு அச்சிடப்பட்டது. அந்த மன்னிப்பின் அளவு விளம்பரங்களின் அளவுக்கு ஈடானதா என்று நீதிபதிகள் வினவ நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் மன்னிப்பு ஏற்கப்பட்டு அவமதிப்பு வழக்கு முடிந்தது. அதே மாத இறுதியில் விதி நீக்கத்துக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் மூல வழக்கும் முடித்துவைக்கப்பட, அத்தடையும் விலகியது. வாசல் மீண்டும் திறந்துவிடப்பட்டது.

மன உறுதி இருந்தால் பழைய சட்டமே போதும் என்பதற்குக் கேரளம் சான்று. அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பதஞ்சலியைச் சேர்ந்த திவ்யா பார்மசி மீது வழக்குகள் தொடுத்தது. பாலக்காடு நீதிமன்றம் பிடியாணையும் பிறப்பித்தது.

பிறர் மனத்தைப் புண்படுத்தும் விளம்பரங்களின் நிலை என்ன? 2022 ஜூனில், கூட்டுப் பாலியல் வன்முறையை நகைச்சுவையாக்கிய ஒரு வாசனைத் திரவிய விளம்பரம், பெண்களின் கடுங்கண்டனம் எழுந்த பின்னரே நிறுத்தப்பட்டது. 2020 அக்டோபரில் தனிஷ்க் நகை நிறுவனம், இந்து மருமகளுக்கு முஸ்லிம் குடும்பம் வளைகாப்பு நடத்தும் காட்சியை வெளியிட்டது. அதில் ஆபாசமோ அருவருப்போ இல்லை என்று ஆஸ்கியின் குழு ஒருமனதாக முடிவு செய்தது. இருந்தும் மதவெறிக் கும்பலின் மிரட்டலே வென்றது. விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. ஒழுங்குபடுத்த வேண்டிய அரசு விலகி நிற்கும்போது, அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை; தெருவில் கூச்சலிடுவோர் அதை நிரப்புகிறார்கள். அன்பைக் காட்டும் விளம்பரம் ஓரிரு நாளில் மறைகிறது. நோயாளியை ஏய்க்கும் விளம்பரம் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. மருந்து விளம்பரங்களுக்கு முன் ஒப்புதல் மீண்டும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அபராதம் விளம்பரச் செலவுக்கும் விற்பனை வருவாய்க்கும் ஏற்ப அமைய வேண்டும். ஏமாற்றப்பட்டவர் தாமே குற்றவியல் புகார் அளிக்கும் உரிமை வேண்டும். தவறான விளம்பரத்துக்கு ஒதுக்கிய அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வெளிவர வேண்டும்.

இவை கிடைக்கும்வரை, கையில் உள்ள கருவிகளைத் துருப்பிடிக்க விடலாகாது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறும் விளம்பரங்கள் குறித்த புகார்களைப் பெறுவதற்கு அமைப்பு ஏற்படுத்துமாறு மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அது தம் மாவட்டத்தில் செயல்படுகிறதா என்று தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் அமைப்புகளும் அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். இன்சுலினை நிறுத்திவிட்டுச் சூரணத்தை நம்பும் உழைப்பாளியின் உயிர், எந்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கைக் காட்டிலும் பெரிது. அந்த உயிரைக் காக்கும் பொறுப்பைச் சந்தையின் மனச்சாட்சியிடம் ஒப்படைக்க இயலாது.