நிழலும் நீரும் காக்கும் அலுவலகம்

(திருவண்ணாமலையில் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

நம் அறக்கட்டளைக்கு இவ்வூரில் அலுவலகம் ஒன்று கட்ட எண்ணியிருக்கும் வேளையில், பொறியாளன் என்ற முறையில் என்னைப் பேசப் பணித்தீர்கள். முதலில் என் பிழையைக் கூறிவிடுகிறேன். பல்லாண்டுகளுக்கு முன் இந்நகரில் ஓர் அலுவலகம் கட்டும் பொறுப்பை ஏற்றேன். சாலை மேற்கே இருந்தமையால் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி வேண்டும் என்றனர். மறுத்துரைக்காமல் கட்டினேன். பங்குனி வெயில் தாளாமல் திரையிட்டு மூடினர். பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. குளிர்சாதனம் ஓயாது ஓடியது. வரைபடத்தில் தவிர்த்திருக்கக்கூடிய செலவு, இன்றும் மாதந்தோறும் தொடர்கிறது.

நம் முன்னோர் இவ்வாறு செய்யவில்லை. மதுரைக்கு அருகில் மாங்குளம் மலையில் சமணத் துறவியர் உறைந்த குகைகளைக் கண்டிருப்பீர்கள். பாறை நெற்றியில் காடி வெட்டி மழைநீர் உள்ளே வழியாமல் தடுத்தனர். தரையில் படுக்கைகள் செதுக்கினர். இயற்கை தந்த நிழலில், தேவைப்பட்ட இடத்தில் மட்டுமே உளி பட்டது.

அந்த அறிவு இன்றும் பயன் தருகிறது. ஐதராபாத்தில் 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் தரச்சான்று பெற்ற முதல் கட்டடமாகும். கட்டடக்கலைஞர் கரண் குரோவர் அதை நடுமுற்றத்தைச் சூழ அமைத்தார். காற்றுக் கோபுரங்கள் வெளிக்காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்புகின்றன. கழிவுநீர் செடிகளின் வேர்ப்பாத்தியில் தூய்மையாகித் தோட்டத்துக்குப் பாய்கிறது. முற்றமும் காற்றுவழியும் நம் பழைய வீடுகளும் அறிந்தவையே.

நமது கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும். அப்பக்கங்களில் உச்சி வெயிலைச் சிறு சன்ஷேடே தடுத்துவிடும். தாழ்ந்து வரும் மாலை வெயிலை அது தடுக்காது. ஆகவே மேற்கில் மாடிப்படியும் பொருள் அறையும் அமையட்டும். மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு பதிப்போம். தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். எனினும் பாறை நிலமான இவ்வூரில் குழி தோண்டுவதோடு நில்லாமல், தொட்டியிலும் நீரைத் தேக்குவோம்.

நல்ல வரைபடமும் மேற்பார்வையின்றிக் கெடும். இந்நிபந்தனைகளை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதுதல் வேண்டும். பணி தொடங்கியபின் வாய்மொழியாகக் கேட்டால், செலவைக் காட்டி ஒவ்வொன்றாகக் கைவிடுவர். வேலை நடக்கும் இடத்து மரங்களுக்கு முதல் நாளே வேலியிட வேண்டும். குடிபுகுந்தபின் ஓராண்டு மின்கட்டணத்தையும் நீர்ச்செலவையும் குறித்து, பொதுக்குழுவில் படித்தல் வேண்டும்.

முகப்புக்குக் கண்ணாடி வேண்டும் என்ற கருத்து நம்மிடையிலும் உண்டு. அன்பினால் சொன்னது அது. இம்முறை நான் மௌனமாய் இருக்க மாட்டேன். எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்பதற்கு முன், எவ்வளவு இடம் போதும் என்று கேட்போம். மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட நமக்கு அக்கேள்வி புதிதன்று. கட்டாமல் விட்ட ஓர் அறைக்குச் செங்கல்லும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அடிக்கல் நாட்டுமுன் இதனை முடிவு செய்யுமாறு வேண்டி அமைகிறேன்.