பட்டத்திற்குரிய விதிகளும் நம் பிள்ளைகளும்
(தருமபுரியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கலாசாலைப் பட்டத்திற்குரிய விதிகள் மாறிவருவதைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். இஃது உபாத்தியாயர்களும் சர்வகலாசாலையாரும் கவனிக்கவேண்டிய சங்கதி, நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். விதியை மாற்றுவோர் எங்கோ இருக்கின்றனர். அதற்கு உட்படுவோரோ பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறிவரும் நம் பிள்ளைகள்.

சேலம் ஜில்லாவினின்று தருமபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1965-ஆம் ஆண்டில். அவ்வாண்டிலேயே இங்கு அரசினர் கலைக்கல்லூரியும் தோன்றிற்று. 1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் ஏற்பட்டபின் இக்கல்லூரி அதனைச் சார்ந்தது. முற்காலத்தில் தமிழ், ஆங்கிலம், முக்கியப் பாடம், துணைப்பாடம் ஆகியவற்றில் தேறினால் பட்டம் கைக்கு வந்துவிடும். இப்பொழுது ஐந்து பகுதிகள் உள. முதற்பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முக்கியப் பாடமும் அதன் துணைகளும், நான்காவது சுற்றுச்சூழல், நற்பண்புக் கல்வி, திறன் பாடம் முதலியன, ஐந்தாவது நாட்டு நலப்பணி போன்ற தொண்டு. இவையனைத்தும் சேர்ந்து 140 க்ரெடிட் ஆதல் வேண்டும்.

தாய்தந்தையர் பலர் இவற்றுள் மூன்றாம் பகுதியை மட்டுமே அறிவர். "பையன் சரித்திரம் படிக்கிறான்" என்பர், அவ்வளவே. எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில், முக்கியப் பாடமெல்லாம் நன்றாய்த் தேறிய பெண்ணொருத்தி, நான்காம் பகுதியில் ஒரு சிறு பரீட்சையை எழுதாமல் விட்டமையால் ஓராண்டு பட்டமின்றிக் காத்திருக்க நேர்ந்தது. அதனைச் சில்லறைப் பாடமென்று அவள் நினைத்தாள். அவளுக்கு எடுத்துரைப்பாரும் இல்லை. சுற்றுச்சூழல் பாடம் ஒருவர் விருப்பத்தினால் நுழைந்ததன்று. கல்வியில் அதனைச் சேர்க்கவேண்டுமென்று 1991-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமே கட்டளையிட்டது.

மாறுதல் யாவும் தீதென்று நான் சொல்ல வரவில்லை. வணிகவியல், கணினிப் பயன்பாடு முதலிய சில பட்டங்களில் முதலாண்டோடு நின்ற தமிழை இரண்டாமாண்டிலும் கற்பிக்குமாறு 2022-இல் தமிழ்நாட்டு அரசு பணித்தது; அது தக்கதே. அவ்வாண்டில் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தின் தொழிற்பயிற்சியும் நல்ல நோக்கமுடையது. ஆனால் ஒவ்வொரு பாடமும் நல்லதென்றே சேர்க்கப்படுகிறது. பிள்ளையின் நாளுக்கு மணி கூடுவதில்லை. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் கழிப்பவனுக்குப் புதிய பாடத்தைச் சேர்ப்பதினும், அவன் தடுமாறும் ஆங்கிலத்தைச் செவ்வையாய்ப் போதிப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

இனி, நாம் மிகவும் விழிப்பாயிருக்கவேண்டியது வேறொன்று. பல்கலைக்கழக மானியக் குழுவினர் 2022 டிசம்பரில் புதியதோர் ஏற்பாட்டை வெளியிட்டனர். அதன்படி மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 க்ரெடிட். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கு 160. ஓராண்டில் 40 க்ரெடிட் பெற்று, ஒரு தொழிற்பயிற்சியும் முடித்து நிற்பவர்க்கு ஓர் அத்தாட்சிப் பத்திரம். ஈராண்டில் நிற்பவர்க்கு டிப்ளமா. நின்றவர் பின்னர்த் திரும்பிவந்து தொடரலாம். தமிழ்நாட்டு அரசு இதனை ஏற்காமல் மூன்றாண்டு முறையையே வைத்துக்கொண்டது.

படிப்பை விட்டுப்போகிறவன் வெறுங்கையோடு போகாமல் ஒரு பத்திரமேனும் பெற்றால் நல்லதல்லவா என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. அப்பத்திரத்தை எங்கே காட்டுவது? நம் சர்வீஸ் கமிஷனின் நாலாம் தொகுதிப் பரீட்சைக்குப் பத்தாம் வகுப்புப் போதும். இரண்டாம் தொகுதிக்குப் பட்டம் வேண்டும். இரண்டிற்கும் இடையில் ஓராண்டுப் பத்திரத்திற்கு அங்கே வேலையில்லை. ஓசூரிலோ பெங்களூரிலோ கூலிக்குப் போகிறவனிடம் அதனைக் கேட்பாருமில்லை. வீட்டிலோ, மழை பொய்த்த ஆண்டில், "ஒரு பத்திரம் வந்துவிட்டதே, இனிப் போதும்" என்று சொல்ல அது காரணமாகிவிடும். அச்சொல் முதலில் பெண்மக்கள்மீதே பாயுமென்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். 2022 முதல் அரசினர் பள்ளியில் படித்த பெண்களுக்குப் "புதுமைப் பெண்" திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைத்துவருகிறது. பஸ் செலவுக்கும் புஸ்தகத்துக்கும் அது தாங்கலாயிருக்கையில், நடுவில் நிறுத்துவதற்கு வழிகாட்டுவானேன்?

ஆகவே, மூன்றாண்டு முறை மாறாதிருக்க வேண்டுமென்றும், ஐந்து பகுதிகளின் விதிகளையும் சேர்க்கையன்றே எளிய தமிழில் அச்சிட்டுத் தாய்தந்தையர் கையிற் கொடுக்கவேண்டுமென்றும் பல்கலைக்கழகத்தாருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பலாமென்று கருதுகிறேன். தவறிய பாடத்தை விரைவில் எழுதித் தேறத் துணைப்பரீட்சையும் அதில் கேட்கப்பட வேண்டும். விண்ணப்பத்தின் நகல் காரியதரிசியிடம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளையுடையவர்கள் முதலில் கையெழுத்திடுக. பட்டம் பெற்ற நம் இளைஞர்கள், தாலுகாவுக்கு இருவராய், சேர்க்கை நாட்களில் கல்லூரி வாயிலில் வந்திருந்து புதியவர்களுக்கு இவ்விதிகளைப் படித்துச் சொல்லச் சம்மதித்தால், தம் பெயர்களை இன்றே கொடுத்துச் செல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன்.